அரைக் கப் தேத்தண்ணி

(இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கோயில் மண்டபத்தில் பேசியது. பேசியவர் கேட்டுக்கொண்டபடி பெயர் போடப்படவில்லை.)

அக்காமாரே, அண்ணன்மாரே, பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று தலைவரிடம் கேட்டிருந்தேன். இங்கே பாதிப் பேருக்கு நான் யார் மகன், எந்த லயம் என்று தெரியும். இருந்தாலும் நாங்கள் கூடுகிற இடத்தில் அதுதான் வழக்கம்.

நான் குடித்ததை ஒருநாளும் மறைத்ததில்லை. லயத்தில் எதை மறைப்பது? இந்தக் கோடியில் நான் விழுந்தால் அந்தக் கோடி வீட்டு ஆச்சி எழுந்துகொள்வார். சம்பளம் போட்ட அன்று தவறணை வாசலில் கணக்கப்பிள்ளை பார்த்தார், வாத்தியார் பார்த்தார், எனக்குக் கூச்சமே இல்லை. குடியை விடுவதற்கு ஒரு கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன் பாருங்கள், அன்றைக்குத்தான் ஒளிந்து போனேன். சாமான் வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் பொய். குடிக்கப் போகும்போதுகூட அவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதில்லை.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மூன்று தரம் அந்த வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். நாலாவது தரம் மழை பிடித்தது. நம்ம மலை மழை தெரியும்தானே. ஒதுங்கத்தான் உள்ளே போனேன். மன உறுதி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

உள்ளே ஏழெட்டுப் பிளாஸ்டிக் கதிரை. ஒன்றில் பக்கத்து டிவிசன்காரர், என்னோடு சேர்ந்து குடித்தவர். கொஞ்சக் காலமாக அவரைத் தவறணையில் காணாததால், "அவருக்குத் திமிர் வந்துவிட்டது" என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்றும் கேட்காமல் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். இன்னொருவர் பிளேன் டீ கொண்டுவந்தார். எல்லோருக்கும் நிறைய, எனக்கு மட்டும் அரைக் கப். சுரீர் என்று கோபம் வந்தது. தோட்டத்தில் பாதி நாள் சம்பளம் போடுகிற மாதிரி, இங்கேயும் அரைப்பேர்தானா எனக்கு? கப்பைத் தூக்கியபோதுதான் புரிந்தது. என் கை ஆடிய ஆட்டத்துக்கு முழுக் கப் கொடுத்திருந்தால் பாதி என் சாரத்தில்தான். அவர் கையும் ஒரு காலத்தில் அப்படி ஆடியிருக்கிறது. முடிந்ததும் இன்னும் அரைக் கப் ஊற்றினார்.

சரி, அந்த அறையில் என்ன நடக்கிறது? ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். பேச விருப்பமில்லையா, சும்மா இருக்கலாம். கட்டணம் இல்லை. முடிந்தவர்கள் தேத்தண்ணிச் செலவுக்குப் போடுவார்கள். குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி கேட்பதில்லை. சர்ச் அறை என்பதால் மதம் மாற்றுவார்கள் என்று ஒரு கதை ஓடியது. அங்கே கடவுள் என்றால் அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள்தான். எனக்கு முனியாண்டி.

இதை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்கிறார்கள். 1935இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில், பில் என்ற பங்குத் தரகரும் பாப் என்ற சத்திரசிகிச்சை டாக்டரும் சந்தித்துத் தொடங்கியது. டாக்டருக்கே குடி. அவருக்கு மருந்து தெரியாதா? பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

இதை நமக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். நான் மூன்று வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடவில்லை. மாலையைக் கழற்றிய அன்று இரவே தவறணை. சாமி கைவிட்டார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், மாலை போட்ட நாளெல்லாம் விடிய ஒரு கூட்டம், அந்திக்கு ஒரு பஜனை, "சாமி, சாப்பிட்டீங்களா" என்று கேட்க ஒரு குருசாமி. கழற்றியதும் அந்த ஆட்கள் போய்விட்டார்கள். இந்தக் கூட்டத்தில் மாலையைக் கழற்றும் நாள் கிடையாது. ஆயுளுக்கும் குடிக்க மாட்டேன் என்று சத்தியமும் கேட்பதில்லை. இன்றைக்கு மட்டும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சியைத் தட்டுவார், செத்துப்போன அப்பாவோடு பேசுவார். நம் பக்கம் உடனே பேய் என்று பூசாரியைக் கூப்பிடுகிறோம். அது உயிர் போகிற விசயம். அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரி வார்ட்டும் விற்றமின் பி1 ஊசியும். திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசிக்கொண்டே த்ரீவீலைப் பிடியுங்கள்.

கூட்டத்தை எங்கே தேடுவது? அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். 1926க்கு இரவு பகல் எந்நேரமும் அடிக்கலாம், அது அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். உடனே "அங்கொடைக்கு அனுப்பப் போறாங்களா" என்று பகிடி பண்ணுவீர்கள், நானும் பண்ணியவன்தான். போனிலேயே தமிழில் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள், சிக்னல் கிடைக்கிற மேட்டில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதுவும் இல்லையென்றால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினாலே அது கூட்டம். அக்ரனில் இருந்ததும் இரண்டு பேர்தான்.

அக்காமாரே, குடிக்கிறவர் வராவிட்டாலும் வீட்டுக்காரர்களுக்கென்று 1951இலிருந்து தனியாக அல்-அனான் என்று ஒன்று இருக்கிறது. கொழுந்து மலையில் களைப்புக்கு என்று தொடங்கி விட முடியாமல் இருக்கிற அக்காமாரும் உண்டு. அவர்களுக்கும் அதே கதிரைதான்.

வருகிற ஞாயிறு மூன்று மணி பஸ்ஸில் நான் டவுனுக்குப் போகிறேன். பின் சீட்டில் இருப்பேன். பக்கத்தில் வந்து உட்காருகிறவர் என்னோடு பேச வேண்டியதில்லை. வீட்டில் கேட்டால் சாமான் வாங்கப் போனதாகச் சொல்லுங்கள். பையை மறக்காமல் கொண்டு வாருங்கள், நான் அன்றைக்குப் பையை மறந்துதான் மாட்டிக்கொண்டேன்.