வீட்டுக்குப் போகலாம் என்ற பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர் காலையில ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டார். நாங்க வெளியே வர மணி மூணாயிடுச்சு." ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்துப் பார்த்துக்கொண்டவர்கள் இப்படி அலுத்துக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மருத்துவமனை நிர்வாகியின் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்ஜெட், ஆள் எடுப்பது, உரிமம் புதுப்பிப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் ஒரு நிர்வாகத்தின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஆறு மணி நேரமே போதும். அதை முதலில் பேசிவிடுகிறேன். ஜெனரேட்டரும் ஆக்சிஜனும் கடைசியில்.

அந்த ஆறு மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது? டாக்டர் வாயால் சொன்னது கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது நோயையும் கொடுத்த சிகிச்சையையும் சுருக்கிச் சொல்லும் தாள், தயாரிக்க வேண்டும். அதில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ ரவுண்ட்ஸ் முடிந்த கையோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். இந்தப் பக்கம் நர்ஸ், மீந்த ஊசி, மாத்திரைகளை எண்ணி ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்புகிறார். அங்கே ஒவ்வொன்றாகத் தொகுதி எண், காலாவதித் தேதி பார்த்து வரவு வைக்கிறார்கள். அந்த வரவு விழாமல் பில்லை முடிக்க முடியாது. இன்சூரன்ஸ் இருந்தால் பில்லும் சம்மரியும் சேர்ந்து போக வேண்டும். போனதும் ஒரு கேள்வி திரும்பி வரும்: "சேர்க்கும்போது ஐந்து நாள் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது, சம்மரியில் மூன்று நாள் என்று இருக்கிறதே?" அதற்குப் பதில் எழுத மறுபடியும் அதே டியூட்டி டாக்டரைத் தேட வேண்டும்.

இதில் கை வேலை என்று பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் தேறினால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் காகிதம் யாரோ ஒருவர் மேஜையில் கிடக்கிறது. கவுன்ட்டரில் இருக்கும் பில்லிங் பையனைத் திட்டுவதில் பயனே இல்லை. அவர் கைக்கு அது வந்து சேருவதே கடைசியில்தான்.

சரி, வழி என்ன? வேலையை முந்தின நாள் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். சேர்த்த மறுநாளே, உத்தேசமாக என்று வீட்டுக்குப் போவார் என்று ஒரு தேதி குறியுங்கள். அதற்கு முந்தின மாலை, கடைசிச் சில வரிகள் தவிர சம்மரி தயாராக வேண்டும். ராத்திரிக்கும் காலைக்கும் வேண்டிய மருந்தை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட வேண்டும். அதுவரை ஆன பில்லைச் சரிபார்த்து வைக்க வேண்டும். எத்தனை மணிக்கு வண்டியோடு வரலாம் என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். காலை ரவுண்ட்ஸில், கவலைக்கிடமானவர்களைப் பார்த்த கையோடு, வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அதற்கப்புறம். நிர்வாகி டாக்டருக்கு உத்தரவு போட முடியாது, போடவும் கூடாது. நேரத்தைக் குறித்து வைத்து, அந்தத் தாளை அவர் முன்னால் வைக்கலாம்.

குறிக்க வேண்டியவை ஐந்து நேரங்கள்: டாக்டர் சொன்னது, சம்மரி கையெழுத்தானது, பில் முடிந்தது, நோயாளி கிளம்பியது, படுக்கை அடுத்தவருக்குத் தயாரானது. இந்தக் கடைசி நேரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிருமிநாசினி போட்டால், குப்பியில் எழுதியிருக்கிற நேரம்வரை அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த உடனே துடைத்தால் போட்டதே வீண். சுத்தம் செய்து முடித்த பிறகும் கம்ப்யூட்டரில் 'காலி' என்று மாற்ற ஆள் இல்லாமல் படுக்கை சும்மா கிடக்கும். கீழே எமர்ஜென்சியில் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்திருப்பார்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒன்பது பேர் இரண்டு மணி நேரத்தில் போகிறார்கள், ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கிறார். சராசரி மூன்று மணி நேரம். அந்தப் பத்துப் பேரில் மூன்று மணி நேரம் காத்திருந்தவர் ஒருவருமில்லை! அந்தப் பன்னிரண்டு மணி நேரக்காரரின் தாளை எடுத்துப் பாருங்கள். கோளாறு எங்கே என்று அதில் இருக்கும்.

ஆறு மணி நேரம் என்பது கால் நாள். 100 படுக்கையும் நிறைந்திருக்கிறது, ஒருவர் சராசரியாக 5 நாள் தங்குகிறார் என்றால் ஒரு நாளைக்கு 20 பேரைச் சேர்க்கலாம். அந்தக் கால் நாளை மிச்சம் பிடித்து, அதே தங்கல் 4.75 நாளானால் 21 பேர். கட்டில் ஒன்றுகூட வாங்காமல் தினம் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. 1961-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிரூபித்த வரிசைக் கணக்குதான் இது. வங்கி வரிசைக்கும் இதே கணக்குத்தான்.

இதில் ஒரு பொறியும் உண்டு. "பகல் பன்னிரண்டுக்குள் இத்தனை டிஸ்சார்ஜ்" என்று இலக்கு வைத்துப் பாருங்கள்; இன்று சாயங்காலமே போகக்கூடியவரை நாளைக் காலைவரை வைத்திருந்து கணக்குக் காட்டும் வார்டுகள் முளைக்கும். இலக்கு நிறைவேறும், படுக்கை ஒரு ராத்திரி கூடுதலாக அடைபடும். அவசரப்பட்டு அனுப்பினாலோ, போனவர் ஒரு வாரத்தில் திரும்பி வருவார். ஆகவே 30 நாளுக்குள் மறுபடி சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். ஜெனரேட்டரைப் பற்றி ஒரே வார்த்தை. சுமை கொடுக்காமல் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டுச் சோதனை என்று எழுதாதீர்கள். டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் படியும். நிஜமான சுமையை எடுக்குமா என்பதும் தெரியாது. மாதம் ஒரு தடவை சுமையோடு அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஆக்சிஜனுக்கு, அழுத்தம் குறைந்தால் அடிக்கும் அலாரம் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய அறைக்குள் மட்டும் அடித்தால் யாருக்குக் கேட்கும்? மருந்துக் கையிருப்பைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.