மாரடைப்பு வந்தால் மாத்திரையை யார் சந்தேகிக்கிறார்கள்?

வணக்கம். தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து பேசுகிறேன். மூட்டுத் தேய்மானம் பற்றி நான் பேசிய காணொலிக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "வலி மாத்திரை தினமும் போட்டால் கிட்னி போய்விடுமா, டாக்டரம்மா?" போகலாம். அந்தப் பயம் நியாயமானது, இருக்கட்டும். ஆனால் இதயத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் இன்றைக்கு அதை மட்டும் பேசுகிறேன்.

ஏன் யாரும் கேட்பதில்லை? மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடித்து அரித்தால், மாத்திரைதான் காரணம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரத்த வாந்தி எடுத்தால் "வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டீர்களா?" என்று நானே கேட்பேன். மாரடைப்பு அப்படி இல்லை. அறுபது வயது, சர்க்கரை, பீடிப் பழக்கம் என்று அதற்குச் சொல்ல ஏற்கெனவே நூறு காரணங்கள் இருக்கின்றன. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அந்த நூறையும் பேசிவிட்டுப் போவார்கள். முழங்கால் வலிக்கு மாதக்கணக்கில் போட்ட மாத்திரையின் பெயர் அந்தப் பேச்சில் வரவே வராது.

வயாக்ஸ் என்ற மாத்திரை உலகத்தை ஏமாற்றியது இப்படித்தான். அதன் மருந்துப் பெயர் ரோஃபெகாக்சிப். 1999 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வயிற்றைப் புண்ணாக்காத வலி மாத்திரை என்பதுதான் அதன் விளம்பரம், அது பொய்யும் இல்லை. அடுத்த ஆண்டே, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. வயிற்றுப் புண் குறைந்திருந்தது. ஆனால் பழைய மருந்தான நாப்ராக்சென் எடுத்தவர்களைவிட வயாக்ஸ் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு நான்கு மடங்கு வந்திருந்தது. அதைத் தயாரித்த மெர்க் நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? எங்கள் மருந்து கெடுதல் செய்யவில்லை, நாப்ராக்சென்தான் இதயத்தைக் காப்பாற்றுகிறது என்றது. கெட்டிக்காரத்தனமான பதில்தான். 2001இல் எரிக் டோபால் என்ற இதய மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்களும் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இந்த வகை மருந்துகளின் இதய ஆபத்தைத் தனியாக ஆராய வேண்டும் என்று எழுதினார்கள். மருந்து விற்பனை நிற்கவில்லை. குடலில் வளரும் சிறு கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க அந்த நிறுவனமே நடத்திய இன்னொரு ஆய்வில், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தன. எதிரில் நாப்ராக்சென் இல்லை, எனவே சாக்கும் இல்லை. 2004 செப்டம்பர் 30 அன்று உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். இந்தியா அதே டிசம்பரில் தடை செய்தது.

அந்த நவம்பரில் டேவிட் கிரஹாம் என்ற மருத்துவர் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் அதே அரசு அமைப்பில் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் மட்டும் 88,000 முதல் 1,39,000 பேர் வரை கூடுதலாக மாரடைப்புக்கோ திடீர் இதய மரணத்துக்கோ ஆளாகியிருக்கலாம் என்பது அவருடைய கணிப்பு. சம்பளம் தரும் அலுவலகத்தை எதிரில் வைத்துக்கொண்டு, இன்னொரு வயாக்ஸ் வந்தால் இந்த அமைப்பால் மக்களைக் காப்பாற்ற முடியாது என்றும் சொன்னார். எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை உண்டு.

சரி, வலி மாத்திரைக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? நம் இரத்தக் குழாயின் உட்சுவர் ப்ரோஸ்டாசைக்ளின் என்ற பொருளைச் சுரக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். தட்டணுக்கள் சுரக்கும் த்ராம்பாக்சேன் ஒட்ட வைக்கும். வயாக்ஸ் வகை மருந்துகள் முதலாவதைக் குறைக்கும், இரண்டாவதைத் தொடாது. இரத்தம் உறைகிற பக்கம் தராசு சாய்கிறது. அதோடு உடம்பில் உப்பும் நீரும் தங்கும், இரத்த அழுத்தம் ஏறும்.

வயாக்ஸ்தான் போய்விட்டதே என்பீர்கள். அதன் உறவுக்காரர் எடோரிகாக்சிப் நம் ஊர்க் கடைகளில் இருக்கிறார். 2007இல் அமெரிக்கா அதற்கு அனுமதி மறுத்தது. ஐரோப்பாவில் விற்கிறார்கள், ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கும் அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு. நாம் கடலைமிட்டாய் மாதிரி வாங்கும் டைக்ளோஃபினாக்கும் இதயத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ அதே தரம்தான் என்று 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை சொன்னது. அதே ஆண்டு வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்கு இது: ஆயிரம் பேர் ஓராண்டு முழுக்க இவற்றை அதிக அளவில் எடுத்தால், மூன்று பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும், அதில் ஒருவர் இறப்பார்.

ஆயிரத்துக்கு மூன்று. என்னைப் போன்ற ஒரு டாக்டரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை ஆயிரம் பேர் தினமும் வலி மாத்திரை போடுகிறார்கள் என்று யோசியுங்கள். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்காகக் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஜீப்பில் ஏறிப் போகும் பெண்களைக் கேளுங்கள். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் பறிக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் என்ன செய்யும்? மாத்திரை போட்டால்தான் மறுநாள் கூலி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இதைப் பாருங்கள், காமிராவுக்கு அருகில் காட்டுகிறேன். என்னிடம் வந்த ஓர் அக்கா சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. நான்கு மாத்திரை அளவுக்குக் கத்தரித்த அட்டை. பின்பக்கம் சிவப்புக் கோடு தெரிகிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அர்த்தம். பெயர் இருந்த பகுதி கடைக்காரரின் கத்தரிக்கோலோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது "...னாக் 50", டைக்ளோஃபினாக்காகத்தான் இருக்கும். "என்ன மாத்திரை அக்கா?" என்றால் "மலைக்கு மேலே கடையில் கொடுத்தது, வலிக்கு" என்கிறார். அவருக்கு அழுத்தத்துக்கான எனலாப்ரில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. வந்து என்ன பயன்? டைக்ளோஃபினாக் அந்த மாத்திரையின் பலனைக் குறைக்கும். அழுத்தம் இறங்கவில்லை என்று இங்கே அளவைக் கூட்டுவார்கள், அங்கே வலி மாத்திரையும் தொடரும். மலைக்கு மேலே கொடுத்தவருக்கும் கீழே கொடுப்பவருக்கும் நடுவில் ஒரு மாநில எல்லை, இரண்டு மொழிச் சீட்டு.

எனவே கடையில் "பெயர் உள்ள பக்கத்தை வெட்டாமல் கொடுங்கள்" என்று கேளுங்கள். முணுமுணுப்பார்கள், கேளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் டைக்ளோஃபினாக், எடோரிகாக்சிப் இரண்டையும் தாமாக வாங்கவே வேண்டாம். ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இபுப்ரோஃபென்னும் போட்டால் ஆஸ்பிரினின் வேலை கெடலாம், அதையும் சொல்லிவிடுங்கள். வலிக்கு முதலில் பாராசிட்டமால், பூசுகிற ஜெல். ஜெல்லிலிருந்து இரத்தத்துக்குப் போகும் மருந்து மிகக் குறைவு. மாத்திரை வேண்டியே தீரும் என்றால் குறைந்த அளவு, குறைந்த நாள், அதுவும் டாக்டரைக் கேட்டு.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காணொலியைப் பார்த்துவிட்டு இதய மாத்திரை, அழுத்த மாத்திரையை யாரும் நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலைச் சட்டென்று நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். நான் பேசுவது வலி மாத்திரையைப் பற்றி.

ஒரு மருந்தின் மேல் சந்தேகம் வந்தால் பொதுமக்களும் புகார் தரலாம். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024. மருந்தின் பெயர், எப்போது தொடங்கினீர்கள், என்ன ஆனது, இவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அட்டையும் கையில் இருக்கட்டும், பேட்ச் எண் கேட்டால் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.