என்ஜின் முன்னே, விமானம் பின்னே

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் போர் விமானத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. வகுப்பறை என்றால் கரும்பலகையில் படம் போட்டுவிடுவேன். இங்கே வாயால்தான் வரைய வேண்டும். நீங்களும் கொஞ்சம் ஒத்துழையுங்கள். இரண்டு நகரப் பேருந்துகளை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்துங்கள். 22 மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். நான் சொல்லப்போகும் விமானத்தின் நீளம் அவ்வளவுதான். கூரான மூக்கு, ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவராக இரண்டு பேர், தோளுயரத்தில் இறக்கை, வால் பக்கம் இரண்டு என்ஜின். முழுச் சுமையோடு கிளம்பும்போது எடை 28 டன்னைத் தாண்டும்.

இதன் பெயர் ஜேஹெச்-7. சீனாவின் சியான் நகரத்துத் தொழிற்சாலையில் உருவானது. சீனர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் ஃபெய்பாவ், அதாவது பறக்கும் சிறுத்தை. அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோ வைத்த பெயர் ஃப்ளவுண்டர். கடலடி மணலோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு தட்டை மீன் அது. எதிர்த்தரப்பு வைக்கிற பெயரில் லேசான நக்கல் இருந்தாலும், இந்த விமானத்தின் வேலையைப் பார்த்தால் சிறுத்தையைவிட மீன்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. தண்ணீரோடு ஒட்டிப் போவதுதான் இதன் பிழைப்பு.

ஏன் அப்படி? கடற்கரையில் நின்று படகு திரும்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில் பாய்மர நுனி தெரியும், அப்புறம்தான் படகு. பூமி உருண்டை, கடல் வளைந்திருக்கிறது. கப்பலில் இருக்கும் ராடாருக்கும் இதே கதைதான். ராடார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் 400 கிலோமீட்டருக்கு அப்பாலேயே அதன் பார்வைக்குள் வந்துவிடும். அதே விமானம் கடலுக்கு மேல் 50 மீட்டரில் வந்தால், 50 கிலோமீட்டர் நெருங்கும் வரை கடலின் வளைவு அதை மறைத்துவிடும். அங்கிருந்து ஒரு ஏவுகணையை விட்டால், அதுவும் அலைக்கு மேல் ஐந்தாறு மீட்டரில் போனால், கப்பல்காரர்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலுக்கு நடந்தது இதுதான். அர்ஜென்டினா விமானம் ஒன்று விட்ட எக்ஸோசெட் ஏவுகணை தாக்கி 20 மாலுமிகள் இறந்தார்கள். சில நாளில் கப்பலும் மூழ்கியது.

சீனாவுக்கு இந்தத் தேவை அதற்கும் முன்பே புரிந்திருந்தது. 1974 ஜனவரி 19 அன்று தென்சீனக் கடலிலுள்ள பாராசெல் தீவுகள் அருகே சீனக் கப்பல்களும் தென் வியட்நாம் கப்பல்களும் மோதின. சீனா ஜெயித்தது. ஆனால் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி நடந்த சண்டை அது. அன்றைக்குச் சீனாவிடம் இருந்த போர் விமானங்கள் பழைய சோவியத் மிக் வகையின் நகல்கள். அங்கே போய்ச் சேரலாம், ஆனால் வட்டமிட்டு நிற்க எரிபொருள் போதாது. குண்டுவீச்சு விமானமோ 1940களின் சோவியத் வடிவமைப்பு. தூரம் போய், தாழப் பறந்து, கப்பலை அடித்துவிட்டு வீடு திரும்பும் விமானம் வேண்டும் என்று கடற்படை கேட்டது. விமானப்படையும் கேட்டது.

இங்கேதான் ஒரு குடும்பச் சண்டை. விமானப்படைக்கு இரண்டு பேரும் அருகருகே உட்கார வேண்டும், அமெரிக்க எஃப்-111 விமானம் மாதிரி. கடற்படைக்கு முன்னும் பின்னுமாக உட்கார வேண்டும். இருக்கைதானே என்று நினைக்காதீர்கள். அருகருகே உட்கார்ந்தால் மூக்கு அகலமாகும், காற்றின் எதிர்ப்பு கூடும், மொத்த உடம்பும் மாறிவிடும். கிட்டத்தட்ட இரண்டு விமானம் செய்கிற வேலை. 1970களின் கடைசியில் சீன அரசு செலவைக் குறைக்கத் தொடங்கியபோது திட்டமே தூங்கிப்போனது. 1980களின் தொடக்கத்தில் அது விழித்தபோது விமானப்படை விலகிக்கொண்டது. கடற்படை சொன்னபடியே இருக்கை அமைந்தது.

சரி, என்ஜினுக்கு வருவோம். நான் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியது என்ஜினைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்த விமானத்தின் கதையில் என்ஜின் வந்து சேர்ந்தபோது யானை எது என்றே முடிவாகவில்லை. 1975 டிசம்பரில் சீனா, ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திடமிருந்து ஸ்பே என்ற என்ஜினை வாங்கவும், உரிமம் பெற்றுத் தானே தயாரிக்கவும் ஒப்பந்தம் போட்டது. பனிப்போர் நடுவே, ஒரு மேற்கத்திய நாட்டின் போர் விமான என்ஜின் கம்யூனிஸ்ட் சீனாவுக்கு! ஸ்பே என்பது ஸ்காட்லாந்தில் ஓடும் ஒரு ஆறு. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஜெட் என்ஜின்களுக்கு ஆறுகளின் பெயரை வைப்பது வழக்கம், சலசலவென்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசை போலும்.

இந்த என்ஜின் குடும்பம் முதலில் டிரைடென்ட் என்ற பயணிகள் விமானத்துக்காகப் பிறந்தது. பிறகு பக்கனியர் என்ற பிரிட்டிஷ் விமானத்தில் ஏறியது. பக்கனியரின் வேலை என்ன தெரியுமா? கடலை ஒட்டிப் பறந்து கப்பலைத் தாக்குவது. சீனா வாங்கியது, பிரிட்டிஷ் ஃபான்டம் போர் விமானத்துக்காகச் செய்த வகை. இது டர்போஃபேன். உள்ளே இழுக்கும் காற்று முழுவதையும் எரியறைக்குள் தள்ளாமல், ஒரு பங்கைச் சுற்றிவிட்டுப் பின்னால் அனுப்பும். அதனால் எரிபொருள் மிச்சமாகும். தாழப் பறந்தால் காற்று அடர்த்தி அதிகம், எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். அங்கேதான் இந்தச் சிக்கனம் கைகொடுக்கிறது.

ஆனால் பலம்? பின்னெரிப்பானை, அதாவது வெளியேறும் காற்றில் மறுபடி எரிபொருளைக் கொளுத்தும் அமைப்பைப் போட்டால் ஒரு என்ஜின் ஒன்பது டன்னுக்குச் சற்று மேல் உந்தும். இரண்டும் சேர்ந்து 18 டன் சொச்சம். விமானமோ 28 டன். சட்டென்று ஏறித் திரும்பி எதிரி விமானத்தோடு மல்லுக்கு நிற்க இது போதாது. ஜியான்ஹோங் என்று சீன மொழியில் பெயரிலேயே சண்டையையும் குண்டுவீச்சையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சண்டை பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உரிமம் வாங்கிய ஸ்பேவைச் சீனர்கள் சின்லிங் என்று அழைத்தார்கள். சியானுக்குத் தெற்கே இருக்கும் மலைத்தொடர் அது. ஆறாக வந்தது மலையாகிவிட்டது. ஆனால் முழுக்க முழுக்கச் சீனாவிலேயே செய்து முடிக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. நடுவில் என்ஜின் போதாமல், பிரிட்டன் கழற்றிப் போட்ட பழைய ஸ்பேக்களையும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு என்ஜினின் வரைபடம் கையில் இருப்பதும் அந்த என்ஜின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. சுழலித் தகட்டின் உலோகக் கலவையும் அதை வார்க்கும் பக்குவமும் பத்து வருஷம் கையைச் சுட்டுக்கொண்டு கற்க வேண்டியவை. இட்லிக்கு அளவு எழுதித் தரலாம், மாவு புளிக்கிற பதத்தை எழுதித் தர முடியுமா?

தலைமை வடிவமைப்பாளர் சென் யிஜியான். அதுவரை சீனாவில் சோவியத் விதிமுறைப் புத்தகத்தை வைத்துத்தான் விமானம் வரைவார்கள். அவர் அதை மூடி வைத்துவிட்டு வேறு விதிமுறைகளுக்குப் போனார், கணினியையும் துணைக்கு அழைத்தார். 1988 டிசம்பர் 14 அன்று விமானம் முதன்முதலாக மேலே எழுந்தது. ஓட்டியவர் ஹுவாங் பிங்ஷின். சோதனைக் காலத்தில் அதிர்வு இந்த விமானத்தைப் பாடாய்ப் படுத்தியது. 1992இல் ஒருநாள் பறந்துகொண்டிருக்கும்போதே வாலிலிருந்த சுக்கான் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. படகில் சுக்கான் போனால் துடுப்பையாவது போட்டுச் சமாளிக்கலாம். வானத்தில்? மூக்கு இடமும் வலமும் ஆட, தரையை நெருங்க நெருங்கத் தவறு செய்ய இடமில்லை. ஹுவாங் பிங்ஷின் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தப்பிக்க, இருக்கையோடு ஆளை வெளியே எறியும் விசை கையருகே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சோதனை விமானம் சிதறிப்போனால் தவறு எங்கே என்று சொல்ல ஆளிருக்காது.

1998இல் ஜுஹாய் விமானக் கண்காட்சியில் உலகத்துக்குக் காட்டினார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் பலர், இது 1970களின் சரக்கு என்றார்கள். தப்பில்லை. நம் விமானப்படையின் ஜாகுவாரைப் பார்த்தவர்களுக்கு முகச்சாடை தெரியும். விற்கவும் முயன்றார்கள், வாங்க ஆளில்லை. ஆனால் 2002இல் பறந்த ஜேஹெச்-7ஏ வேறு ரகம். முழுக்கக் கணினியில் வரைந்தது, புது ராடார், கூடுதல் ஆயுதக் கொக்கிகள். ஏவுகணையும் வளர்ந்தது. ஆரம்பத்தில் இருந்த ஏவுகணை 50 கிலோமீட்டருக்குள்தான் போகும், கப்பலின் பார்வை எல்லையில் எட்டிப் பார்த்துத்தான் விட வேண்டும். அடுத்து வந்த ஒய்ஜே-83கே சுமார் 180 கிலோமீட்டர் போகும். விமானம் கடலின் வளைவுக்குப் பின்னாலேயே நின்றுவிடலாம். ஆனால் அவ்வளவு தூரத்தில் கப்பல் எங்கே இருக்கிறது என்று வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணைக் கண்டுபிடித்துக் குருடாக்குவதுதான் இன்றைய கடற்போரில் பாதி வேலை. தஞ்சாவூரில் 2020இல் தொடங்கிய பிரம்மோஸ் ஏவுகணை ஏந்திய சுகோய்-30 படைப்பிரிவுக்கும் இதே கணக்குதான்.

சோகங்களும் உண்டு. 2011 அக்டோபர் 14 அன்று ஷான்சி மாகாணத்தில், கண்காட்சிக் கூட்டத்தின் கண் முன்னே ஒரு விமானம் விழுந்தது. ஒருவர் வெளியேறினார், ஒருவர் இறந்தார். 2019 மார்ச்சில் ஹைனானில் பயிற்சியின்போது ஒன்று விழுந்து இருவருமே இறந்தார்கள்.

இருநூறுக்கும் மேல் செய்தார்கள். இப்போது ஜே-16 என்ற புதிய விமானம் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஒதுங்கிப்போன விமானப்படையே பிறகு ஜேஹெச்-7ஏ வாங்கிக்கொண்டது. அதோடு 2023இல் சீனக் கடற்படை தரையிலிருந்து இயங்கும் தன் போர் விமானப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றை விமானப்படையிடம் ஒப்படைத்தது. அவற்றில் பறக்கும் சிறுத்தைகளும் இருந்தன. இருக்கைகள் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கின்றன, கடற்படை கேட்டபடி.

வணக்கம்.