பல்லால் கடிக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் லெகோ கட்டைகள் இருந்தால், பெட்டியைக் கிளறி ஒரு மெல்லிய தட்டைக் கட்டையை எடுத்துப் பாருங்கள். அநேகமாக விளிம்பில் பல் தடம் இருக்கும். எங்கள் வீட்டுச் சிவப்புக் கட்டை ஒன்றில் வரிசையாக மூன்று பள்ளங்கள். இரண்டு கட்டைகள் இறுகிப்போனால் பிள்ளைகள் உடனே வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். பால்பல் ஆடுகிற வயதில் இது வேண்டவே வேண்டாம். கத்தியும் வேண்டாம், வழுக்கினால் விரலில்தான் இறங்கும்.

கட்டைகள் ஏன் இப்படி இறுகுகின்றன? மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற இந்த அமைப்புக்கு டென்மார்க்கில் 1958இல் காப்புரிமை கோரினார்கள். குமிழ் உள்ளே நுழையும்போது பிளாஸ்டிக் மயிரிழை அளவு விரிந்துகொடுத்து, பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த அழுத்தம்தான் பிடி. உயரமான கட்டையை விரலால் பற்றி அசைத்துவிடலாம். தட்டைக் கட்டையின் தடிமனோ 3.2 மில்லிமீட்டர்தான். நம் விரலுக்குப் பலம் உண்டு, பற்றிக்கொள்ள இடம்தான் இல்லை.

அந்த இடத்தைத் தருவதற்கென்றே 1990இல் பிரிப்பான் என்ற சிறு கருவி வந்தது. அதன் தலையில் கட்டையில் உள்ளது போலவே குமிழ்களும் குழிகளும் உண்டு. பின்னால் ஒரு நீண்ட பிடி. மாட்டிக்கொண்ட கட்டையின் மேல் அதைப் பொருத்தி, பிடியை அழுத்துங்கள். நெம்புகோல்தான், ஒரு முனை எழும்ப, கட்டையும் கூடவே எழும்பும். இரண்டு தட்டைகள் ஒட்டியிருந்தால் மேலே ஒரு பிரிப்பான், கீழே ஒரு பிரிப்பான் எனப் பொருத்தி, இரு பிடிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இப்போது கிடைக்கும் ஆரஞ்சு நிறப் பிரிப்பானில் ஒரு சிறு குச்சியும் நீட்டிக்கொண்டிருக்கும். துளைக்குள் சிக்கிய அச்சுத்தண்டை வெளியே தள்ள அது உதவும். கூரான முனை, குமிழில்லாத வழவழப்பான தட்டைக் கட்டைகளைக் கிளப்புவதற்கு. எனக்கு மிகவும் பிடித்தது வேறு: ஸ்டிக்கரின் ஓரத்தை அந்த முனையில் லேசாக ஒட்டிக்கொண்டு, கட்டையின் மேல் நேராக வைத்துப் பார்த்து, பிறகு விரலால் நீவிவிடுவது. ஸ்டிக்கர் கோணாது, விரல் ரேகையும் படியாது.

குமிழும் குழியும் இருப்பதால் பிரிப்பானும் ஒரு கட்டைதான். பிள்ளைகள் இதை நமக்கு முன்பே கண்டுகொள்கிறார்கள். என் மகன் அதைப் பறவைக்கு அலகாக வைத்தான், பிறகு படகுக்குத் துடுப்பாக. இந்த வாரம் அது விமானத்தின் வாலில் இருக்கிறது. நன்றாக இறுகிவிட்டது. அதைக் கழற்ற இன்னொரு பிரிப்பானைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.