கைக்கு வந்த கஷ்டமா, காலுக்கு வந்த தேடலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாகர்கோவில் மக்களே, வணக்கம்.

மெட்ராய்டு, காசில்வேனியாங்கிற ரெண்டு கேமோட பேரையும் ஒட்டி மெட்ராய்ட்வேனியான்னு ஒரு வகை வீடியோ கேம் இருக்குல்லா, கிளை கிளையாப் போற பெரிய இடத்துல வழி தேடிச் சண்டை போடுறது, அதுல ருசி கஷ்டத்துல இருக்கா, தேடல்ல இருக்காங்கிறதாக்கும் இன்னைக்குத் தலைப்பு. நாங்க தேடல் அணி. எதிரணித் தலைவர் மேஜையைத் தட்டிச் சொல்லிட்டுப் போனாரு: "சில்க்சாங் கேம்ல ஒரு அடிக்கு ரெண்டு மாஸ்க், அதாவது ரெண்டு உயிர்ப் புள்ளி, போகும். அம்பது தடவை செத்து அம்பத்தோராவது தடவை ஜெயிக்கிறதுதான் ஆட்டம்." நல்லாக் கைதட்டும் வாங்கிட்டாரு. தட்டினவங்க கொஞ்சம் கணக்கும் கேளுங்க.

2017-ல வந்த ஹாலோ நைட் கேம்ல ஆரம்பத்துல 5 மாஸ்க். எதிரியை வெட்டுற ஒரு வெட்டுக்கு 11 சோல்ங்கிற சக்தி சேரும், 33 சேர்ந்தா ஒரு மாஸ்க் திரும்பும். மூணு வெட்டுக்கு ஒரு மாஸ்க். அதோட அடுத்த பாகமா 2025 செப்டம்பர் 4-ல வந்த சில்க்சாங்லயும் 5 மாஸ்க்தான். அங்க ஒரு வெட்டுக்கு ஒரு இழை பட்டு, 9 இழைக்கு 3 மாஸ்க். விகிதம் ரெண்டுலயும் ஒண்ணுதான், பாத்துக்கிடுங்க! ஆனா முன்னால சில்லறையா எடுத்ததை இப்ப மொத்தமாத்தான் எடுக்கணும். எட்டு இழை சேர்த்துட்டு நிக்கும்போது அடி விழுந்தா மருந்து கிடையாது.

கஷ்டம்தானே, இருக்கட்டும்னு எதிரணி சொல்லும். நான் கேக்கது வேற. அஞ்சு மாஸ்க் இருக்கவனை ரெண்டு ரெண்டா அடிச்சா எத்தனாவது அடியில சாவான்? மூணாவது. சரி, மூலை முடுக்கெல்லாம் ஏறி இறங்கி, நாலு மாஸ்க் துண்டு சேர்த்து, ஆறாவது மாஸ்க் வாங்கியாச்சு. இப்ப? அப்பவும் மூணாவது அடியிலதான்! ஒத்தை மாஸ்க் அடிக்கிற சின்னப் பூச்சிங்ககிட்ட உதவும், ஒத்துக்கிடுதேன். ஆனா ரெண்டு ரெண்டா அடிக்கிற பாஸ்கிட்ட, அதாவது பெரிய எதிரிகிட்ட, நடுவுல மருந்து எடுக்க முடியலன்னா அந்த நாலு துண்டுக்கும் மதிப்பு பூஜ்யம். தேடினவனுக்குக் கிடைச்ச பரிசைக் கஷ்டம் தின்னுட்டுப் போகுது. இதையாக்கும் எதிரணி ருசின்னு சொல்லுது.

அடுத்தது நடை. சில்க்சாங்ல பிளாஸ்டட் ஸ்டெப்ஸ்ங்கிற இடத்துல, செத்தா திரும்ப உயிர் வர பெஞ்ச்ல இருந்து எழும்பி, லாஸ்ட் ஜட்ஜ்ங்கிற பாஸ் நிக்குற இடத்துக்குத் தாவித் தாவிப் போன எல்லாருக்கும் அந்த வழி மனப்பாடம். அரை நிமிஷம்னே வச்சுக்கிடுங்க. இருபது தடவை செத்தா பத்து நிமிஷம் நடை. முதல் தடவை அது தேடல், ரெண்டாவது தடவை பழக்கம். மூணாவதுல இருந்து அது வெறும் அபராதம். செலஸ்ட் கேமை எதிரணித் தங்கச்சி உதாரணம் காட்டினா. அங்க செத்தா கண் சிமிட்டுற நேரத்துல அதே திரையில திரும்பி நிக்கலாம். அதனாலதான் அந்தக் கஷ்டம் வலிக்கல. அது எங்களுக்குச் சாட்சி, தங்கச்சி, உங்களுக்கு இல்ல.

இப்ப ஒரு நிமிஷம் மாத்தூருக்கு வாங்க. தொட்டிப்பாலத்துக்குக் கீழே பறளியாத்து ஓரமா நின்னு அண்ணாந்து பாத்தா, 115 அடி உயரத்துல ஆளுங்க எறும்பு மாதிரி நடந்து போறது தெரியும். எப்படிப் போனாங்கன்னு கண்ணு முதல்ல படியைத் தேடும். மேல ஏறி நின்னு குனிஞ்சா, நாம நின்ன இடமே புதுசாத் தெரியும். இந்த வகை கேமோட உயிர் அங்கதான் இருக்கு. எட்டாத மேடையை முதல்ல காட்டுவான், ஏறுற வித்தையைப் பிறகு தருவான். ஹாலோ நைட்ல மேன்டிஸ் கிளா கிடைச்சதும் சுவர்ல தொத்தி ஏறலாம். அந்த நொடியில, முன்னால பாத்துட்டு விட்ட பத்து இடம் மனசுல வந்து நிக்கும்.

1994-ல வந்த சூப்பர் மெட்ராய்டை எடுங்க. ஒரு ஆழமான குழியில விழுந்துடுவோம். வெளிய வர சுவருக்குச் சுவர் உதைச்சு ஏறணும். அதை எழுதிக் காட்டமாட்டான். குரங்குக்குட்டி மாதிரி மூணு பிராணி அங்க ஏறிக்காட்டும், பாத்துப் படிக்கணும். சுழன்று தாவிச் சுவரைத் தொட்டதும் எதிர்ப்பக்கம் திசையை முதல்ல அழுத்தி, அடுத்த கணமே ஜம்ப். ரெண்டையும் ஒண்ணா அழுத்தினவன் வழுக்கி விழுவான். கஷ்டம்தான்! ஆனா அது வழியைக் கண்டுபிடிக்கிற கஷ்டம். எதிரணி அதைத் தங்களோட கணக்குல எழுதப் பாக்காங்க, விடமாட்டோம்.

மேப்பும் அப்படித்தான். ஹாலோ நைட்ல புது இடத்துக்குப் போனா மேப் இருக்காது. தரையில சிதறின காகிதத்தைப் பின்தொடர்ந்து, முணுமுணுப்புப் பாட்டுக்குக் காது கொடுத்து, மேப் விக்கிற கார்னிஃபரைக் கண்டுபிடிச்சு வாங்கணும். நாம நடந்த இடத்தை அதுல சேர்க்க 120 ஜியோ, அதாவது அந்தக் கேமோட காசு, கொடுத்து இறகுப் பேனா வாங்கணும், அதுவும் பெஞ்ச்ல உக்காந்தாத்தான் வரையும். நாம எங்க நிக்கோம்னு காட்டுற திசைகாட்டிக்கு 220 ஜியோ. அது, வலு தர தாயத்து மாதிரியான சார்ம்களை மாட்ட ஆரம்பத்துல இருக்க மூணு இடத்துல ஒண்ணைப் பிடிச்சுக்கிடும். வழி வேணுமா, வலு வேணுமான்னு அங்கேயே யோசிக்க வைப்பான்.

தேடல்லயும் கோளாறு உண்டு. 1986-ல வந்த முதல் மெட்ராய்டுல மேப்பே இல்ல, ஒரே மாதிரி சுரங்கம் திரும்பத் திரும்ப வரும். அதுக்கு நாங்க வக்காலத்து வாங்கல. ஆனா அங்கேயும் செத்துத் தொடர்ந்தா 30 எனர்ஜியோடதான் எழும்பணும். குழாய்ல இருந்து வர பூச்சிகளை நின்னு நின்னு சுட்டு அதை நிரப்பணும். நிக்க வச்சது தேடல் இல்ல.

கடைசியா ஒரு சோதனை. 2024-ல வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்ல எதிரி அடிக்கிற வலுவைத் தனியாக் குறைக்கலாம். குறைச்சுட்டு ஆடுங்க. எட்டாத கதவைப் பாத்ததும் அந்தத் திரையைப் படம் பிடிச்சு மேப்ல குத்தி வைக்கிற வசதி அப்படியே இருக்கும், திரும்பி வந்து அதைத் திறக்கிற சந்தோஷமும் இருக்கும். இப்ப மாத்திப் போடுங்க. சண்டையை முழு வலுவோட வச்சுக்கிட்டு, கிளை வழியையெல்லாம் அடைச்சு, ஒரே நேர் பாதையாக்குங்க. அதுக்குப் பிறகும் அதை மெட்ராய்ட்வேனியான்னு கூப்பிடுவீங்களா? அடுத்துப் பேச வர எதிரணி அண்ணன் இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு, பிறகு மேஜையைத் தட்டட்டும்.

மணி அடிச்சாச்சு. நன்றி, வணக்கம்.