கேட் மூடியிருந்துச்சு, டீச்சர்

(தண்டையார்பேட்டையில் நடந்த படத்திறப்பில் பேசியது)

வந்திருக்கும் பெரியவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், ஆயாவிடம் படித்த அண்ணன்கள், அக்காக்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு அவர் டீச்சர். எனக்கு ஆயா. அவர் என்னிடம் பலமுறை சொன்ன ஒரு நாளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் உங்களுக்குத் தெரியும். கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தாமதமாக வரும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "கேட் மூடியிருந்துச்சு, டீச்சர்." ஆயா வேலைக்குச் சேர்ந்த புதிது. நம்பவில்லை. வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது எண்பதை நெருங்கிய வயதிலும் அவர் குரல் இறங்கிவிடும்.

ஒருநாள் காலையில் தானே போய் அந்த கேட்டில் நின்றார். வண்டி நின்றுகொண்டிருந்தது. வேகன்களை எண்ணத் தொடங்கியிருக்கிறார். அப்போது அவருடைய வகுப்புப் பையன் ஒருவன் புத்தகப் பையை வேகனுக்கு அடியில் தள்ளிவிட்டு, பின்னாலேயே குனிந்தான். ஆயா ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பிள்ளை சொன்னானாம்: "லேட்டானா முட்டி போடச் சொல்லுவீங்க, டீச்சர்."

கேட் திறக்கும்வரை அவன் கையை ஆயா விடவில்லை. இருவரும் தாமதமாகத்தான் பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியர் கேட்டதற்கு, "கேட் மூடியிருந்துச்சு, சார்" என்றார்.

அதற்கப்புறம் தாமதமாக வந்ததற்காக அவர் யாரையும் தண்டித்ததில்லை. முதல் பாடவேளையில் புதுப் பாடம் நடத்துவதையும் விட்டுவிட்டார். முந்தின நாள் படித்ததையே திருப்பிச் சொல்ல வைப்பார். லேட்டாக வருகிற பிள்ளைக்கும் பாடம் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

இளையவர்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். 1978ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கிலும் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். அதனால் 'யானை' என்று எழுதினால் அந்தச் சொல்லிலேயே ஒரு தும்பிக்கை நிற்கும். புது எழுத்தைப் பலகையில் போட்டபோது, "யானைக்குத் தும்பிக்கை போயிடுச்சே டீச்சர்" என்று ஒரு பெண் பிள்ளை அழுதேவிட்டாளாம். வீட்டில் பெரியவர்கள் எழுதிக் காட்டியது பழைய எழுத்து. அதைத் தப்பு என்று சிவப்பு மையில் அடிக்க ஆயாவுக்கு மனம் வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். "இது உங்க வீட்டு எழுத்து, இது புத்தகத்து எழுத்து. ரெண்டும் படிக்கத் தெரியணும்." எவ்வளவு பெரிய மனசு!

2003ல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களாகவே படிக்க, டீச்சரும் அவர்களோடு தரையில் உட்காரும் முறை அது. அந்த முறை அவருடைய வகுப்புக்கும் வந்தபோது ஓய்வுபெறச் சில வருஷங்களே இருந்தன. மூட்டுவலியோடு பாயில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். கை கொடுத்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள்.

சரி, என் ஆயாவைப் பற்றி. எனக்குப் பத்து வயது. டியூஷனுக்குப் போகும் நேரம் வந்தால் வயிறு வலிக்கும். அம்மா திட்டுவார். ஆயா நான்கு நாள் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐந்தாம் நாள், "இன்னிக்கு நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். டியூஷன் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். உள்ளே, பணம் கட்டாதவர்களின் பெயரை உரக்கப் படித்தார்கள். என் பெயர் இரண்டாவது. நான் தலைநிமிரவில்லை.

பென்ஷன் பணத்திலிருந்து கட்டிவிட்டு, அந்த டியூஷன்காரரிடம் மெதுவாகத்தான் பேசினார்: "பேரைக் கூப்பிடுறது புள்ள வந்திருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் தம்பி." வழியில் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தார். வயிற்றுவலி பொய் என்று கடைசிவரை அவர் சொல்லவே இல்லை.

இப்போது அந்த மேசையைப் பாருங்கள். அவருடைய இரும்புப் பெட்டியில் கிடைத்த நோட்டுகள் அவை. பள்ளியின் வருகைப் பதிவேடு வேறு, இது அவர் தனக்காக எழுதி வைத்தது. பிள்ளை வராத நாளும் பக்கத்தில் காரணமும் இருக்கும். 'தண்ணி லாரி வந்தது.' 'அம்மாவுக்குப் பிரசவம், தம்பியைப் பார்க்க ஆள் இல்லை.' காசிமேட்டுப் பிள்ளை ஒருவனுக்கு, 'அப்பா போட் இன்னும் கரைக்கு வரவில்லை' என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதியிருக்கிறார். நான்காம் நாள், 'வந்துவிட்டது' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். பல பக்கங்களில் 'கேட்' என்ற ஒரே சொல்தான்.

பலகையில் புது எழுத்து எழுதிய கை, இந்த நோட்டில் கடைசிவரை பழைய எழுத்தையே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு 'வரவில்லை'யிலும் அந்தத் தும்பிக்கை வளைந்து நிற்கிறது. உங்கள் பெயரும் அதில் எங்காவது இருக்கும். சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.