விடிலி அடுப்பும் மின்சாரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் ஒரு விடிலி, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசை. எனக்கு எட்டு வயது இருக்கும். ஆச்சி பதநீர் காய்ச்சுகிறாள். விடியலில் மூட்டிய அடுப்பு, காய்ந்த ஓலையும் மட்டையும் உள்ளே போகப்போக உச்சிப்பொழுதிலும் எரிகிறது. பாகு பதத்துக்கு வரும் நேரம், சட்டியில் கிடந்த இரும்புக் கரண்டியைப் பிடிக்கப் போனேன். "ஏல, தொடாத! இரும்புலா, காம்பு வரைக்கும் சூடு ஏறியிருக்கும். மரத்துடுப்பை எடு" என்றாள். அப்புறம் பாகைச் சிரட்டையில் ஊற்றி, ஒட்டிக்கொண்டிருந்ததை எனக்கு வழித்துக் கொடுத்தாள்.

அந்தக் கரண்டியையும் துடுப்பையும் வைத்து, சூட்டை நேராக மின்சாரமாக்கும் பொருள்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

1821-இல் சீபெக் என்ற ஜெர்மானிய அறிஞர் இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்தம் என்றே எண்ணினார், ஓடியதோ மின்சாரம். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்: இதை மட்டும் மனதில் வையுங்கள். வெறும் சூடு போதாது, வித்தியாசம் வேண்டும்.

வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1950-களில் சோவியத் நாட்டில், மின்சாரம் எட்டாத ஊர்களில், மண்ணெண்ணெய் விளக்கின் மேல் இத்தகைய கருவியை மாட்டி, விளக்குச் சூட்டிலேயே வானொலி கேட்டார்கள். ஆச்சியின் அடுப்புச் சூடெல்லாம் காற்றோடு போனதே என்று நான் இன்றைக்கும் நினைப்பேன்.

சரி, சிக்கல் எங்கே? இரும்பு மின்சாரத்தை விடும், சூட்டையும் விடும்; இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சூடாகிவிடும். மரம் இரண்டையும் தடுக்கும். நமக்கு வேண்டியது மின்சாரத்துக்கு இரும்பாகவும் சூட்டுக்கு மரமாகவும் இருக்கும் பொருள்.

இத்தகைய பொருள்களில் சூடு பெரும்பாலும் அணுக்களின் அதிர்வாகத்தான் நகர்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டால் தேர் நிற்கும். பக்கத்தில் வருகிற ஆள் கட்டையைத் தாண்டிப் போய்விடுவார். அதிர்வு தேர், மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான் ஆள். ஆனால் பிள்ளையார் தேருக்குப் போடும் கட்டை சுவாமி தேருக்குப் போதுமா? அதிர்வுகளிலும் சிறிசு பெரிசு உண்டு. அதனால் அணு அளவில் ஒரு தடை, நானோமீட்டர் அளவில் ஒரு தடை, அதைவிடப் பெரிதாக இன்னொன்று என்று பொருளுக்குள்ளேயே வைக்கிறார்கள்.

சூட்டை எவ்வளவு நன்றாக மின்சாரமாக்கும் என்று காட்ட இந்தப் பொருள்களுக்கு ஒரு தரக்குறி எண் உண்டு; எண் கூடக்கூட நல்லது. பல பத்தாண்டுகள் அது 1-ஐச் சுற்றியே நின்றது. 2021-இல் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் கனிஷ்கா பிஸ்வாஸ் குழுவினர் வெள்ளி, ஆன்டிமனி, டெல்லூரியம் சேர்ந்த பொருளில் சிறிது காட்மியம் கலந்து, சுமார் 300 டிகிரி செல்சியஸில் 2.6 வரை கொண்டுபோனார்கள். உள்ளே அணுக்கள் சின்னச் சின்னத் திட்டுகளாக வரிசைக்கு வந்தன. மின்சாரத்துக்கு வழி சுலபமானது, சூட்டுக்கு அந்தத் திட்டுகளே முட்டுக்கட்டையாயின.

நேரமாயிற்று என்று கை காட்டுகிறார்கள். டெல்லூரியம் மிக அரிதானது என்பதால் வேறு தனிமங்களைத் தேடுகிறார்கள். சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டால், கருவியின் பாகங்களைப் பற்றவைத்து ஒட்டிய இடம் விரிசல் விடுவது இன்னொரு தொல்லை. அதை விரித்துச் சொல்ல இன்று இடமில்லை. வணக்கம்.